கொரியா முன்னுக்கு வந்தது கவர்மெண்டாலயா, மார்க்கெட்டாலயா? யாராச்சும் விளக்குங்க

செராய் பையன்:

வணக்கம். நான் மலேசியாவுல கெடா பாடாங் செராய், இந்த வருசம் எஸ்டிபிஎம் (யுனிவர்சிட்டிக்கு முந்தின பரீட்சை), எக்கனாமிக்ஸ் எடுத்திருக்கேன். தென்கொரியா பத்தி ஒரு அசைன்மெண்ட், அதுல ஒரே குழப்பம். டியூஷன் சார் சொல்றாரு, கொரியா கதவ தொறந்துவிட்டு எக்ஸ்போர்ட் பக்கம் போனதாலதான் வளந்துச்சு, கவர்மெண்ட் குறுக்க நிக்காம இருந்தா போதும்னு. எங்க பெரியப்பா தோட்டத்துல கிராணியா (கிளார்க்கா) இருந்தவரு, அவரு அதெல்லாம் இல்லடா, அப்ப அதிபரா இருந்த பார்க் சுங் ஹீ முதலாளிங்க கழுத்தப் பிடிச்சி வேல வாங்குனாரு, மார்க்கெட்டாவது ஒண்ணாவதுங்குறாரு. ரெண்டு பேரும் விவரம் தெரிஞ்சவங்கதான். 1960ல கொரியாக்காரன் தலைக்கு வருமானம் மலாயாவ விட கம்மின்னு படிச்சேன், நம்மகிட்ட ரப்பர் இருந்துச்சு ஈயம் இருந்துச்சு, அவங்ககிட்ட சண்டையில இடிஞ்ச ஊருதான் இருந்துச்சு. நம்மளும்தான் பிளான் போட்டோம், கார் செஞ்சோம், இரும்பு ஆலை கட்டுனோம். அப்புறம் எங்க வித்தியாசம் வந்துச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க, பெரிசா எழுதுனாலும் பரவாயில்ல, படிப்பேன்.

குலிம் மணியம்:

தம்பி நல்ல கேள்வி. நான் குலிம் ஹைடெக்ல ஒரு ஃபேக்டரில பர்ச்சேசிங் பாக்குறேன், கொரியாக்காரங்களோட வேல செஞ்சி பழக்கம், இந்த விசயத்த ரொம்ப நாளா தேடிப்பிடிச்சி படிச்சிட்டு வர்றேன். உங்க பெரியப்பாவும் சாரும் ஆளுக்கொரு பாதிய வச்சிருக்காங்க.

1961ல ராணுவப் புரட்சியில பார்க் வந்த உடனே பேங்குகள கவர்மெண்ட் கைக்கு எடுத்துக்கிட்டாரு. அதுதான் சாவி. யாருக்கு லோன், என்ன வட்டி, எல்லாமே மேல இருந்து வரும். பொருளாதாரத் திட்ட வாரியம்னு ஒண்ணு அதே வருசம், 1962ல முதல் ஐந்தாண்டு திட்டம், வெளிநாட்டுல சந்தை தேடிக் குடுக்க கோட்ராங்குற நிறுவனமும் 1962தான். இதுவரைக்கும் பாத்தா பெரியப்பா சொல்றது சரி. ஆனா அந்த லோன் சும்மா வரல. வெளிநாட்டுக்காரன்கிட்ட இருந்து ஆர்டர் வாங்கி எல்சி (சாமான் வந்தா காசு குடுக்குறோம்னு வாங்குறவனோட பேங்க் தர்ற உறுதிக் கடிதம்) கையில இருந்தாதான் மலிவு வட்டியில காசு, உள்ளூர்ல மட்டும் விக்கிறவன் அதவிட பல மடங்கு வட்டி கட்டணும். அமைச்சருக்கு தெரிஞ்சவன், சொந்தக்காரன்னு சொன்னா எல்சி வராது, நியூயார்க்ல இருக்குறவன் சாமான் பிடிச்சாதான் வரும். காசு குடுக்குறது கவர்மெண்ட், மார்க் போடுறது வெளிச்சந்தை. இத நல்லா பிடிச்சிக்குங்க, உங்க அசைன்மெண்ட்டே இதுல இருக்கு.

இன்னொண்ணு நான் படிச்சி அசந்து போனது. 1960கள் நடுவுல இருந்து மாசா மாசம் எக்ஸ்போர்ட் மீட்டிங், அதிபரே தலைமை, ஒரு பக்கம் அமைச்சருங்க, ஒரு பக்கம் பேங்க்காரங்க, ஒரு பக்கம் ஏற்றுமதி பண்ற முதலாளிங்க, சுவத்துல சார்ட்டு, எந்த சாமான் எந்த நாட்டுக்கு இந்த மாசம் எவ்வளவு போச்சு, டார்கெட் எவ்வளவுன்னு. ஒருத்தன் எந்திரிச்சி துறைமுகத்துல என் மூலப்பொருள் மாட்டிக்கிட்டு கிடக்குதுன்னா, சம்பந்தப்பட்ட அமைச்சரு அங்கயே பதில் சொல்லணும், அதிபர் பாத்துக்கிட்டு இருக்காரு. 1964ல ஏற்றுமதி 10 கோடி டாலர தொட்டுச்சு, அதக் கொண்டாட நவம்பர் 30அ ஏற்றுமதி தினம்னே அறிவிச்சாங்க. 1977ல 1000 கோடி டாலர். பதிமூணு வருசத்துல நூறு மடங்கு.

நம்ம கதைக்கு வருவோம். 1982ல அப்ப பிரதமரா இருந்த மகாதீர் கிழக்க, அதாவது ஜப்பானையும் கொரியாவையும், பாருங்கன்னாரு, 1983ல புரோட்டோன் கார் கம்பெனி, 1985ல அதோட முதல் கார் சாகா ரோட்டுக்கு வந்துச்சு. தெரெங்கானுல பெர்வாஜா இரும்பு ஆலை. ரெண்டையும் கொரியா ஜப்பான் பாத்துதான் ஆரம்பிச்சாங்க, வரி போட்டு பாதுகாப்பும் குடுத்தாங்க. கொரியாலயும் ஹுண்டாய்க்கு பாதுகாப்பு இருந்துச்சு, 1980கள் பின்பாதி வரைக்கும் வெளிநாட்டு கார் உள்ள வர்றதே கஷ்டம். ஆனா ஹுண்டாயோட போனி காரு 1975ல வந்துச்சு, அடுத்த வருசமே ஈக்வடாருக்கு கப்பல் ஏறிடுச்சு, 1986ல அமெரிக்காவுலயே அவங்களோட எக்ஸெல் காரு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல வித்துச்சு. வெளிய வித்தே ஆகணும்னு அங்க நெருக்குனாங்க. இங்க வெளிய வித்தா நல்லதுன்னு விட்டுட்டாங்க, உள்ளூர்ல போட்டி இல்லாம விக்க முடியும்போது யாரு மெனக்கெடுவா? பெர்வாஜா பில்லியன் கணக்குல நட்டம்னு 1990கள் நடுவுல வெளிய வந்துச்சு, அதுவரைக்கும் யாரும் மார்க் போடல.

சுங்கை பட்டாணி சேகர்:

மணியம் அண்ணே நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா கவர்மெண்ட்டுக்கு அதிகமா பாராட்டு குடுக்குறீங்கன்னு தோணுது. நான் சின்னதா பிளாஸ்டிக் பேக்கிங் தொழில் நடத்துறவன், ஒரு பெர்மிட்டுக்காக ஆபிஸ் ஆபிஸா ஏறி இறங்குன வலி எனக்கு தெரியும், அதனால கவர்மெண்ட் மேல இருந்து கைகாட்டி தொழில் வளரும்னு சொன்னா என்னால லேசுல ஏத்துக்க முடியல.

1964ல அவங்க வொன் மதிப்ப கிட்டத்தட்ட பாதியா குறைச்சாங்க, 130 வொன்னுக்கு ஒரு டாலர்னு இருந்தத 255 ஆக்குனாங்க. அப்பதான் கொரியா சாமான் வெளிய மலிவாச்சு. 1965ல பேங்க் டெபாசிட் வட்டிய 30 விழுக்காட்டுக்கு ஏத்துனாங்க, பாயிக்கு அடியில வச்சிருந்த காசெல்லாம் பேங்க்குக்கு வந்துச்சு. ரெண்டுமே விலைய உண்மை நிலவரத்துக்கு கொண்டு வந்த வேல, அதுதான் மார்க்கெட். அப்போ அவங்க எத வித்தாங்க தெரியுமா? ஒட்டுப்பலகை, துணி, பொய்முடி. பொய்முடி செய்ங்கன்னு எந்த திட்டத்துலயும் யாரும் எழுதல, தலைமுடிய வாங்கி விக்கிற யாவாரி கண்டுபிடிச்சது அது, 1970 வாக்குல அது பெரிய ஏற்றுமதி சாமான்.

கவர்மெண்ட் தானா கைகாட்டுனது எதுன்னு பாருங்க. 1973 ஜனவரியில கனரகத் தொழில், ரசாயனத் தொழில்னு அறிவிச்சி காசெல்லாம் அங்க கொட்டுனாங்க. 1970கள் கடைசியில பாதி மிசினு சும்மா நின்னுச்சு, 1980ல பொருளாதாரம் சுருங்குச்சு, விலைவாசி 25 விழுக்காட்டுக்கு மேல ஏறுச்சு. அந்தக் காலத்துல சொன்ன பேச்ச கேட்டு கடன் வாங்கிப் பழகுன கூட்டம்தான் 1997 வரைக்கும் கடன்லயே வண்டி ஓட்டுச்சு, அந்த வருசம் ஹன்போ ஸ்டீல் விழுந்துச்சு, கார் கம்பெனி கியா தடுமாறுச்சு, நவம்பர்ல கடனுக்கு ஐஎம்எஃப் (அனைத்துலக பண நிதியம்) வாசல்ல போய் நின்னாங்க. அடுத்த வருசம் சாதாரண குடும்பத்து பொம்பளைங்க கல்யாண மோதிரத்தையும் குழந்தை மோதிரத்தையும் வரிசையில நின்னு நாட்டுக்கு குடுத்தாங்க, இருநூறு டன்னுக்கு மேல தங்கம். பெரிய முதலாளி வாங்குன கடனுக்கு அவங்க குடுத்த மோதிரம் அது, அத நினைச்சா மனசு கேக்கல.

குலிம் மணியம்:

சேகர், பொய்முடி விசயம் ரொம்ப சரி, நான் அத எழுதியிருக்கணும் போல, முக்கியமான விசயம். 1973 பத்தி மட்டும் கொஞ்சம் பொறுங்க. அதே கனரகத் தொழில்லதான் இன்னைக்கு அவங்க கப்பலும் ஸ்டீலும் இருக்கு. ஹுண்டாய் முதலாளி ஜுங் ஜு-யுங் 1972ல உல்சான் கடற்கரையில கப்பல் பட்டறைக்கு அடிக்கல் போட்டப்ப கப்பல் கட்டி அனுபவமே கிடையாது, லண்டன்ல கடன் வாங்கி, கிரேக்க முதலாளி ஒருத்தர்கிட்ட ரெண்டு பெரிய எண்ணெய்க் கப்பலுக்கு ஆர்டர் பிடிச்சி, ஒரு பக்கம் பட்டறை கட்டிக்கிட்டே இன்னொரு பக்கம் கப்பல் கட்டுனாங்க. அடுத்து எண்ணெய் நெருக்கடி வந்துச்சு, கட்டுன சில கப்பல வாங்க ஆளில்ல. அப்ப கவர்மெண்ட் என்ன பண்ணுச்சுன்னா, கொரியாவுக்கு வர்ற கச்சா எண்ணெய் கொரியா கப்பல்லதான் வரணும்னுச்சு, ஜுங் தேங்கி நின்ன கப்பல வச்சி சொந்தமா கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாரு. இத மார்க்கெட்டுன்னு சொல்லவும் முடியாது, திட்டம்னு மட்டும் சொல்லவும் முடியாது. அதே கம்பெனிக் கூட்டம்தான் நம்ம பினாங்கு பாலத்த கட்டுச்சு, 1985ல தொறந்தது.

லுனாஸ் அக்கா:

ரெண்டு தம்பிங்களும் முதலாளியயும் அதிபரையும் பத்தியே பேசுறீங்க. வேல செஞ்சது யாரு?

நான் வயசுப் புள்ளையா இருந்தப்ப விடியக்காலையில இருட்டோட ஃபேக்டரி பஸ் ஏறி பினாங்கு பாயான் லெப்பாஸ் போனவ. 1972ல அங்க ஃப்ரீ ட்ரேட் ஸோன் வந்ததுக்கப்புறம் எங்க தோட்டத்துல இருந்து எத்தனையோ பொண்ணுங்க ரப்பர் பால்வாளிய வச்சிட்டு அங்க போனாங்க. மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சி, முடிய விட மெலிசான தங்கக் கம்பிய சிப்புல ஒட்டுற வேல. சிஃப்ட் முடிஞ்சி நிமிந்தா தூரத்துல இருக்குற போர்டு மங்கலாதான் தெரியும். எலக்ட்ரானிக் ஃபேக்டரியில 1988 வரைக்கும் யூனியன் வைக்கவே விடல. கொரியாவுலயும் எங்கள மாதிரி பொண்ணுங்க கைதான் அந்த 10 கோடி டாலரும் 1000 கோடி டாலரும். சியோல்ல பீஸ் மார்க்கெட்டுன்னு ஒரு இடம், நிமிந்து நிக்க முடியாத பரணுல சின்னப் புள்ளைங்க பதினாலு மணி நேரம் துணி தச்சாங்க. அங்க துணி வெட்டுற வேல செஞ்ச ஜியோன் தே-இல்ங்குற பையன், 22 வயசு, தொழிலாளர் சட்டத்த மதிங்க, நாங்க மிசின் இல்லன்னு கத்திக்கிட்டு 1970 நவம்பர் 13ல தனக்குத் தானே தீ வச்சிக்கிட்டான். சட்டப் புத்தகத்தையும் சேத்து கொளுத்துனான். தம்பி, உன் அசைன்மெண்ட்ல அவன் பேரு வரணும்.

இன்னொண்ணு, நிலம். கொரியாவுல 1950ல நிலச் சீர்திருத்தம், ஒருத்தர் மூணு ஹெக்டருக்கு மேல வச்சிக்கக் கூடாது, மிச்சம் குத்தகைக்கு உழுதவனுக்கு. ஒரு வருச விளைச்சல்ல ஒன்றரை மடங்கு, அத அஞ்சு வருசத்துல கட்டுனா நிலம் சொந்தம். வடக்குல 1946லயே குடுத்துட்டாங்க, தெற்குல குடுக்காம விட்டா ஜனங்க அந்தப் பக்கம் சாஞ்சிடுவாங்கன்னு பயம். அதனாலதான் குடியானவன் புள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சு, பத்து வருசம் கழிச்சி ஃபேக்டரி தொறந்தப்ப எழுதப் படிக்கத் தெரிஞ்ச கை தயாரா இருந்துச்சு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். இங்க அதே காலத்துல வெள்ளைக்காரன் தோட்டத்த துண்டு போட்டு வித்துட்டுப் போனான், லயத்துல இருந்தவங்க நடுத்தெருவுல. அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1960ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சி தொழிலாளிங்ககிட்ட பத்து பத்து வெள்ளியா சேத்து தோட்டம் வாங்குனாரு, கும்பிடணும் அவர. ஆனா அது ஜனங்க காசு. மூணு தலைமுறையா அந்த மண்ணுல வேல செஞ்ச எங்கப்பாவுக்கு கவர்மெண்ட் ஒரு முழம் நிலம் எழுதிக் குடுக்கல.

செராய் பையன்:

அக்கா நீங்க எழுதினத பெரியப்பாகிட்ட படிச்சி காட்டினேன், ரொம்ப நேரம் தோட்டத்து கதையே பேசிக்கிட்டு இருந்தாரு. ஒரு சந்தேகம், அப்போ சர்வாதிகாரம் இருந்ததாலதான் இதெல்லாம் நடந்துச்சுன்னு ஆகுதா? அப்புறம் அக்கா செஞ்ச அதே சிப் வேலையில கொரியா எப்படி இவ்வளவு தூரம் போச்சு?

குலிம் மணியம்:

சர்வாதிகாரம் எத்தனையோ நாட்டுல இருந்துச்சு தம்பி, எல்லாம் கொரியா ஆகல. 1987ல ஜனங்க ரோட்டுக்கு வந்து தேர்தல் உரிமைய வாங்குனாங்க, யூனியன் பலமாச்சு, சம்பளம் ஏறுச்சு, அதுக்கப்புறமும் நல்லா வளந்துச்சு. அடிச்சாதான் வளரும்ங்குறத அதுவே பொய்யாக்கிடுச்சு.

சிப் விசயம்: சாம்சுங் 1983ல மெமரி சிப்புல இறங்குனப்ப அமெரிக்கா மைக்ரோன்கிட்ட டிசைன் லைசன்ஸ் வாங்குனாங்க, வாங்கிட்டு சொந்த ஆளுங்கள ராப்பகலா உக்கார வச்சி அடுத்த தலைமுறை சிப்ப தாங்களே செய்ய கத்துக்கிட்டாங்க. பல வருசம் நட்டம், மத்த தொழில்ல வந்த லாபத்த இதுல போட்டு தாக்குப் பிடிச்சாங்க, 1990கள் ஆரம்பத்துல உலகத்துல முதலிடம். தைவான் வேற வழி, 1973ல கவர்மெண்ட் ஆராய்ச்சிக் கழகம், 1980ல சிஞ்சு அறிவியல் பூங்கா, 1987ல டிஎஸ்எம்சிங்குற சிப் கம்பெனி தொடங்குனப்ப முதல்ல கிட்டத்தட்ட பாதி கவர்மெண்ட் பக்கம்தான். நம்ம ஊருல ஃபேக்டரி 1972லயே வந்துடுச்சு, கொரியாவுக்கு ரொம்ப பின்னால இல்ல, ஆனா டிசைன் அமெரிக்காவுல, மிசின் ஜப்பான்ல இருந்து, நம்மகிட்ட ஒட்டுற வேல. அக்காவோட கைப்பழக்கத்துக்கு மேல ஒரு படி ஏத்திவிட இங்க யாரும் கட்டாயப்படுத்தல.

சுங்கை பட்டாணி சேகர்:

இதுல மணியம் அண்ணனோட ஒத்துப் போறேன். ஆனா தம்பி, 1997அ விட்டுடாத. குடுத்த கவர்மெண்ட் நிறுத்தவும் தெரிஞ்சிருக்கணும், 1985ல குக்ஜே குழுமத்த இழுத்து மூடுனவங்க அப்புறம் தேவூ குழுமம் அளவுக்கு பெரிசானவங்கள தொட பயந்தாங்க. 1999ல தேவூ தானா விழுந்துச்சு.

லுனாஸ் அக்கா:

எழுதி முடிச்சிட்டு இங்க போடு தம்பி, நாங்களும் படிக்கிறோம். நிலத்தப் பத்தி முதல் பத்தியிலயே எழுது, காலத்துல அதுதான் முன்னால வருது.