சிக்குன்குனியாவுக்குப் பின் மூட்டுவலி: கணக்கெடுப்பில் எண் கூடித் தெரிகிறதா?

வெண்ணாறு:
மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊர். சிக்குன்குனியா ஓய்ந்து 3 மாதம் ஆகிறது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் இருந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டதில் பாதிக்கு மேல் மூட்டுவலி என்கிறார்கள். ஆனால் இது சம்பா நடவு நேரம், காய்ச்சலே வராதவர்களும் வலி என்கிறார்கள். அறிக்கையில் என்ன எழுதுவது?

குடமுருட்டி:
அந்த விழுக்காட்டை இப்போது எழுதாதீர்கள் சார். பதிவேட்டில் ஏறியவர்கள் பெரும்பாலும் எழுந்து நடக்க முடியாமல் வந்தவர்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவர் அதில் இல்லை. கடுமையாகத் தொடங்கியவருக்கே வலி நீடிக்கும் வாய்ப்பும் அதிகம். தெருத் தெருவாக வீட்டுக் கணக்கு எடுங்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் அதே தெருவில், 5 வயது முன்பின்னாக, காய்ச்சல் வராத ஒருவரைச் சேருங்கள். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு நடவுக்குப் போகும் பெண்தான் இணை. கடையில் உட்கார்ந்திருப்பவரை வைத்தால் எல்லாம் வீண். இருவரையும் ஒரே வாரத்தில் கேளுங்கள். உதாரணத்துக்கு, காய்ச்சல் வந்த 100 பேரில் 45, வராத 100 பேரில் 25 என்றால் வைரஸ் கணக்கில் ஏறுவது 20தான்.

ஐஜிஜி (தொற்று வந்தால் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதம்) பரிசோதனையை மட்டும் நம்பி ஆள் பிரிக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். 2006இல் வந்தவருக்கும் பாசிட்டிவ் காட்டும்.

அரசலாறு:
'சிக்குன்குனியாவுக்கு அப்புறம் மூட்டு வலிக்குதா?' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். 'போன 7 நாளில் எங்கேயாவது வலி இருந்ததா?' என்று கேட்டு, உடல் படத்தில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு முன்பே இருந்த வலியா என்பதையும் கேளுங்கள். காய்ச்சல் பற்றிய கேள்வி கடைசியில். உள்ளூர் செவிலியருக்கு யாருக்கு வந்தது என்று தெரியும், அதனால் பக்கத்து ஊர் செவிலியர் கேட்கட்டும். காலையில் வலி மாத்திரை போட்டார்களா என்பதையும் குறியுங்கள்.

இரு மணிக்கட்டு, விரல்கள், கணுக்கால் என்றால் சிக்குன்குனியாச் சாயல். இடுப்பு மட்டும் என்றால் குனிந்து நட்டதாகவும் இருக்கலாம்.

வெண்ணாறு:
பூட்டியிருந்த வீடுகளை விட்டுவிட்டோம். திருப்பூர் போய்விட்டார்களாம்.

குடமுருட்டி:
பெரிய ஓட்டையே அதுதான். தேறியவர் வேலைக்குப் போய்விட்டார், வலி உள்ளவர் வீட்டில் இருக்கிறார். போனில் பிடியுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் இரண்டு எல்லையையும் எழுதுங்கள். 100 பேரில் 60 பேர் கிடைத்து 30 பேருக்கு வலி என்றால் 50 விழுக்காடு. விடுபட்ட 40 பேரும் தேறியிருந்தால் 30, எல்லோருக்கும் வலி என்றால் 70.

அரசலாறு:
எண் குறைந்தால் வலி பொய்யாகிவிடாது. மூட்டு வீங்கி, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிப்பவர்களைக் கணக்கு முடியும்வரை காக்க வைக்காதீர்கள். முடக்குவாதமா என்று பார்க்க இப்போதே மூட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.