கிடை ஆட்டோட ஒரு சின்னப் பையன், யார்கிட்ட சொல்றது?

டெல்டாக்காரன்: தஞ்சாவூர் பக்கம் எங்க ஊரு. அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போட, அதாவது எருவுக்காக ராத்திரி ஆட்டை அடைச்சு வைக்க, ராமநாதபுரத்து கீதாரி (ஆட்டு மந்தைக்காரர்) ஒருத்தர் வந்திருக்காரு, கூட ஒரு பையன், பத்து பதினோரு வயசுதான் இருக்கும், ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு, அதுல ஒண்ணு பெரியாளு செருப்பு. ஸ்கூலுக்குப் போகலையாடான்னு கேட்டா ஆட்டைப் பார்த்துக்கிட்டே "அப்பா பணம் வாங்கியிருக்காரு, வருசம் முடியணும்"ங்கிறான். எங்கப்பா வயலுக்கு எரு வேணும், உனக்கெதுக்கு வம்புங்கிறாரு. என்ன பண்ணலாம்?

குமார்_எல்எல்பி: குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடிங்க, ராத்திரியும் எடுப்பாங்க, உங்க பேர் வெளிய வராது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல 2016 திருத்தத்துக்கு அப்புறம் 14 வயசுக்குள்ள எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழில்னா ஸ்கூல் விட்டு வந்து ஒத்தாசை பண்ணலாம்னு ஒரு விலக்கு இருக்கு, இது அதுல வராது.

மேலத்தெரு: சட்டம் சரி தம்பி. பையனைக் கொண்டுபோய் வீட்ல விட்டா அப்பன் வாங்கின காசை யார் கட்டுறது? அடுத்த மாசமே வேற கிடைக்குப் போவான், பார்த்திருக்கேன். கீதாரியும் ஒண்ணும் பெரிய பணக்காரன் இல்ல.

பழைய விஏஓ: மேலத்தெரு சொல்றது நெசம், அதனாலதான் வெறும் குழந்தைத் தொழிலாளர்னு எழுதி முடிக்க விடக்கூடாது. முன்பணம் வாங்கிட்டு புள்ளைய விட்டா அது கொத்தடிமை. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, திருப்பிக் கேட்டா கேக்குறவன் மேல கேஸ். ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) விசாரிச்சு விடுதலைச் சான்றிதழ் குடுக்கணும், அந்த ஒத்தக் காகிதம் இருந்தாதான் உடனடி உதவி 30,000 வரைக்கும், பின்னால மறுவாழ்வுத் தொகை 2 லட்சம். பெரிய தொகை கேஸு கேஸுன்னு இழுக்கும், அது வேற கதை. நான் வேலையில இருந்தப்ப ஒரு பையனைச் சான்றிதழ் இல்லாமலே பஸ் ஏத்திவிட்டாங்க, நானும் கூட நின்னேன். இன்னும் உறுத்துது.

டெல்டாக்காரன்: கூப்பிட்டுட்டேன் சார். எந்த வயல், பக்கத்துல என்ன அடையாளம்னு கேட்டாங்க, கொத்தடிமைங்கிற வார்த்தையையும் சேர்த்தே சொன்னேன். பொழுது சாஞ்சா கிடையை அடுத்த வயலுக்கு மாத்திருவாங்க, அதான் வாய்க்கால் மதகுல உக்காந்திருக்கேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.