மறு: 'பரிசோதனை நாடகம்': மாற்றுச் சொல் தேவையா?

> 'சோதனை நாடகம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. அதை ஏன் கலைக்க வேண்டும்?

வழக்கமான முறைகளை மாற்றிப் பார்க்கும் நாடகத்துக்கு (experimental theatre) அந்தச் சொல் இருக்கிறது, ஐயா. ஆனால் 'சோதனை' என்றதும் வருமானவரிக்காரர்களும் கடவுள் தரும் கஷ்டமும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. (பார்ப்பவரைச் சோதிக்கிற நாடகங்களும் உண்டு, மறுக்கவில்லை.) 'பரி' சேர்த்தால் ரத்தப் பரிசோதனை.

எனக்குப் பெரிய சிக்கல் 'நாடகம்' என்ற பாதியில். அது எழுதப்பட்ட பிரதியையும் குறிக்கும். இங்கே முக்கியமாக மாற்றிப் பார்க்கப்படுவதோ நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவிலுள்ள இடம். போலந்தில் நாடக இயக்குநர் க்ரொட்டோவ்ஸ்கி 1963இல் போட்ட 'டாக்டர் ஃபாஸ்டஸ்', மார்லோ எழுதிய பழைய நாடகம்தான். பிரதியை வெட்டி மாற்றி அடுக்கினார், சரி. ஆனால் மேடையையே எடுத்துவிட்டு நீண்ட மேசைகளைப் போட்டாரே, அதுதான் விஷயம். ஃபாஸ்டஸின் கடைசி விருந்துக்கு வந்தவர்களாகப் பார்வையாளர்கள் மேசையோரம் உட்கார்ந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே, மேசைமேலேயே நடிப்பு நடந்தது. ஆகவே 'அரங்கு' என்போம்.

> 'ஆய்வரங்கு'?

கட்டுரை வாசிக்க ஆள் வந்துவிடுவார்கள்.

> 'வெள்ளோட்ட அரங்கு'?

அழகான சொல், விட மனமில்லை. ஆனால் வெள்ளோட்டம் என்றால் பிறகு தேரோட்டம் ஒன்று இருக்க வேண்டும். இங்கே ஒத்திகை தனியாக நடக்கும், இது ஒத்திகை இல்லை.

என் பரிந்துரை: 'செய்துபார் அரங்கு'. 'பார்' துணைவினையாக வந்தால் முயல்வது, தனித்து வந்தால் காண்பது. அரங்குக்கு இரண்டும் பொருந்தும். பிரேசிலின் நாடக இயக்குநர் அகுஸ்தோ போவால் வகுத்த விவாத அரங்கில், ஒடுக்கப்பட்டவர் தோற்றுப்போகும் காட்சியை முதலில் முழுக்க நடிக்கிறார்கள். மறுபடி நடிக்கும்போது பார்ப்பவர் யாரும் 'நிறுத்து' என்று குரல் கொடுத்து, எழுந்து வந்து, அந்தப் பாத்திரத்தைத் தானே ஏற்கலாம். எதிரே நிற்கும் நடிகர்கள் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. வந்தவர் வேறு வழியில் செய்து பார்க்கிறார். சில நேரம் அவரும் தோற்கிறார், அடுத்தவர் எழுந்து வருகிறார்.

> ஏவல்போல ஒலிக்கிறதே?

வினைத்தொகையாகக் கொள்ளலாம், 'சுடுகாடு', 'ஊறுகாய்' எல்லாம் நம் காதுக்கு ஏவலாகவா படுகின்றன? நீளம் என்பவர்களுக்காக 'முயலரங்கு' யோசித்தேன். முயல் ஓடி வந்தது, விட்டுவிட்டேன்.

இதில் இயங்குபவருக்கு என்ன பெயர் என்பது இன்னும் பிடிபடவில்லை. 'செய்துபார்ப்பவர்' நொண்டுகிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.