அப்பாவுக்கு சிபேப் மெஷின்: வாடகையா, சொந்தமா? இன்ஷூரன்ஸில் கிடைக்குமா?

குடமுருட்டிக்கரை:

வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, பாபநாசம் பக்கம் சொந்த விவசாயம். குறட்டை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. கூடத்தில் அவர் படுத்தால் கொல்லையில் மாடு எழுந்துகொள்ளும் என்பாள் அம்மா. போன மாதம் நடவுக்கு ஆள் பேசிவிட்டு மொபெட்டில் திரும்பும்போது ஆற்றங்கரை ரோட்டில் கண்ணசந்து வண்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அப்புறம்தான் திருச்சிக்கு அழைத்துப்போய் ஒரு ராத்திரி தங்கவைத்து ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்கும் சோதனை எடுத்தோம். மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட். 30க்கு மேல் போனாலே கடுமையான வகைதான் என்று டாக்டர் ஆட்டோ சிபேப் எழுதிக் கொடுத்துவிட்டார். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் மெஷின் அது, ஆட்டோ என்றால் அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும்.

கடைக்காரர் வாடகை என்றால் மாதம் 3,500, முன்பணம் 10,000 என்கிறார். வாங்கினால் 42,000. இரண்டில் எதுவானாலும் மாஸ்க் தனி, அது ஒரு 5,000. என் கம்பெனியின் குரூப் பாலிசியில் அப்பா, அம்மா இருவரையும் சேர்த்திருக்கிறேன், 5 லட்சம். பாஸ்டனில் இருக்கும் அத்தை பையன், "வாங்காதே மாப்ளே, வாடகைக்கு எடு, இன்ஷூரன்ஸ்காரனே மாதாமாதம் கட்டுவான், ஒரு வருஷத்தில் மெஷின் உனக்கே சொந்தம்" என்று அடித்துச் சொல்கிறான். கஸ்டமர் கேரில் கேட்டால் "பில்லைப் போடுங்க சார், பார்க்கலாம்" என்கிறார்கள். பார்க்கலாம் என்றால் கொடுப்பார்களா, மாட்டார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மன்னார்குடி வாத்தியார்:

தம்பி, நான் 2017லிருந்து இந்த மெஷினோடுதான் தூங்குகிறேன். இன்ஷூரன்ஸ் கதையை மற்றவர்கள் சொல்லட்டும், எனக்கு ஒரு ரூபாய் கிடைக்கவில்லை என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன கணக்குப்படி பன்னிரண்டு மாத வாடகை சரியாக மெஷின் விலை. இது ஆயுசுக்கும் போட வேண்டிய மெஷின், அதனால் காசை மட்டும் பார்த்தால் வாங்குவதுதான் லாபம். ஆனாலும் முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள் என்றுதான் சொல்வேன். வாங்கி நாலு நாள் போட்டுவிட்டு பீரோ மேலே தூக்கி வைத்த இரண்டு பேரை எனக்கே தெரியும், ஒருவர் என் சம்பந்தி. மூக்கில் காற்றை அடித்துக்கொண்டே இருப்பது முதலில் மூச்சு முட்டுகிற மாதிரிதான் இருக்கும். நான் முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை அறியாமலே கழற்றி வீசிவிடுவேன். சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் சும்மா மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பழகினேன், அதுதான் கைகொடுத்தது. மெஷினில் "ரேம்ப்" என்று ஒன்று இருக்கும், காற்றழுத்தத்தைக் குறைவாக ஆரம்பித்து மெதுவாக ஏற்றும், அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போதே, பிறகு வாங்கினால் கட்டிய வாடகையை விலையில் கழிப்பீர்களா என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொல்வதெல்லாம் டெலிவரிக்கு வந்த பையனோடு போய்விடும். அப்புறம் டாக்டர் எழுதியது ஆட்டோ என்றால் ஆட்டோதான் வேண்டும், வாடகைக்குப் பழைய ஒரே அழுத்த மெஷினைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மாஸ்க்கும் குழாயும் புதிது. மெஷின் வாடகைக்கு வரலாம், அடுத்தவன் மூக்கில் இருந்த மாஸ்க் வேண்டாம்.

இன்னொன்று, கரண்ட். கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்கு பதினோரு நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் இரண்டாம் நாளே படுத்துவிட்டது, கோயில் ஜெனரேட்டரில் பேட்டரியை சார்ஜ் போட்டு ஓட்டினேன். நம் பக்கம் அக்டோபர், நவம்பர் வந்தால் இதை யோசித்தே ஆக வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் ஹ்யூமிடிஃபையர்தான் கரண்டை அதிகம் குடிக்கும், அதை அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். டெல்டா ஈரப்பதத்துக்கு மார்கழி, தை தவிர மற்ற மாதத்தில் எனக்கு அது தேவையே படுவதில்லை. போடுகிற நாளில் டிஸ்டில்டு வாட்டர்தான், போர் தண்ணீரை ஊற்றினால் பத்து நாளில் தொட்டியில் வெள்ளையாக உப்பு படிந்துவிடும்.

திருவாரூர் டு நியூஜெர்சி:

உங்கள் அத்தை பையன் பொய் சொல்லவில்லை, ஊரை மாற்றிச் சொல்லிவிட்டார். இங்கே அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரில் 13 மாத வாடகை, அதில் 20 சதவீதம் நாம் கட்ட வேண்டும், தொடர்ந்து பயன்படுத்தியிருந்தால் 13 மாதம் முடிந்ததும் மெஷின் நமக்குச் சொந்தம். ஆனால் சும்மா தரமாட்டார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் ஏதாவது தொடர்ச்சியான 30 நாளில், 70 சதவீத ராத்திரிகளாவது தலா 4 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். மெஷினுக்குள் மோடம் இருக்கிறது, எத்தனை மணிக்கு மாட்டினோம், எப்போது கழற்றினோம் எல்லாம் அங்கே போய்விடும். நம் ஊரில் மாமியார்கூட இவ்வளவு கண்காணித்திருக்க மாட்டார்.

தனியார் இன்ஷூரன்ஸ் என்றால் ஆளுக்கொரு விதி. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். செப்டம்பரில் வாடகைக்கு எடுத்தேன், ஜனவரி பிறந்ததும் டிடக்டிபிள் புதிதாக ஆரம்பித்துவிட்டது. அதாவது அந்த வருஷத்தின் முதல் சில ஆயிரம் டாலர் என் கையிலிருந்து போன பிறகுதான் அவர்கள் கட்டுவார்கள். கடைசியில் கூட்டிப் பார்த்தால், இன்ஷூரன்ஸே வேண்டாம் என்று நேராகக் கடையில் வாங்கியிருந்தால் குறைவாக முடிந்திருக்கும். ஆகவே இங்கேயே அது எப்போதும் லாபம் இல்லை, பாபநாசத்தில் அந்த ஏற்பாடே இல்லை.

யாராவது இங்கிருந்து பழைய மெஷின் கொண்டுவருகிறேன் என்றால் மாடலைக் கேளுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் ட்ரீம்ஸ்டேஷன் முதலான லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைத்தது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த ஃபோம் சிதைந்து காற்றோடு மூச்சில் கலக்கலாம் என்பது காரணம். மாற்றாத பழசு இன்னும் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறதோ.

கிளெய்ம் டெஸ்க்:

கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான், தினமும் இந்தச் சண்டைதான். "பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். நம் ஊர் பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சையை வைத்து எழுதப்பட்டவை. வீட்டுக்கு எடுத்துப்போகும் மெஷினை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் பொதுவாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையத்தின் பட்டியலில் சிபேப், அதே வகை மெஷினான பைபேப் பெயர் இருக்கிறதே என்று சிலர் காட்டுவார்கள். அது உள்நோயாளிக்குப் பயன்படுத்தும்போது தனி பில் போடாமல் சிகிச்சைச் செலவுக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக, வீட்டு மெஷினுக்கு இல்லை.

ஸ்லீப் ஸ்டடி பில்லையும் போட்டுப் பாருங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள். வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனால் தரமாட்டோம் என்று எல்லா பாலிசியிலும் எக்ஸ்க்ளூஷன் (விலக்கு) 04 என்ற நம்பரிலேயே போட்டிருப்பார்கள்.

உங்களுக்கு இருக்கும் ஒரே வழி, அது குரூப் பாலிசி என்பது. கம்பெனிகள் பேரம் பேசிச் சில சலுகைகளைச் சேர்த்திருக்கும், அது பாலிசி புத்தகத்தில் இருக்காது, கம்பெனிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் நடுவே உள்ள தனித்தாளில் இருக்கும். எச்ஆருக்கு மெயில் போட்டு "வீட்டில் பயன்படுத்தும் மருத்துவக் கருவிக்கு கவர் உண்டா, எவ்வளவு வரை, வாடகைக்கும் உண்டா" என்று கேளுங்கள், பதில் மெயிலிலேயே வரட்டும். தாளில் இருந்தும் மறுத்தால் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் புகார், ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தாளிலேயே இல்லை என்றால் அங்கே போயும் பிரயோஜனமில்லை.

அப்பா முன்னாள் ராணுவத்தினரோ மத்திய அரசு ஓய்வூதியரோ என்றால் கதை வேறு, அவர்களுக்கான மருத்துவத் திட்டங்களான இசிஎச்எஸ், சிஜிஎச்எஸ் இரண்டிலும் முன் அனுமதியோடு மெஷின் கிடைக்கும். விவசாயி என்கிறீர்கள், விடுங்கள். நாளைக்கு நீங்கள் வேலை மாறி அவருக்குத் தனி பாலிசி எடுத்தால் இந்த நோயை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம், 2024 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். மறைத்து மாட்டினால் மற்ற கிளெய்மும் போய்விடும்.

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. எச்ஆர் பதில் வந்துவிட்டது, வீட்டுக் கருவிக்கு கவர் இல்லை. ஒரு வகையில் நிம்மதி, இனிமேல் யோசிக்க வேண்டியது என் பணத்தை மட்டும்தான். ஒரு மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன், வாங்கினால் முதல் இரண்டு மாத வாடகையைக் கழிப்பதாக ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டோதான், வாத்தியார் ஐயா சொன்னபடி பெட்டியைத் திறந்து பார்த்தே வாங்கினேன்.

ஐந்து ராத்திரி ஆகிறது. மூன்றாம் நாள் ஐந்து மணி நேரம் போட்டார், மறுநாள் மதியம் திண்ணையில் சாயாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்று அம்மா போன் பண்ணிச் சொன்னாள். பிரச்சினை இப்போது வேறு. அவருக்கு அடர்த்தியான மீசை, முழுமுக மாஸ்க்கில் அந்த இடத்தில் காற்று கசிந்து விசில் சத்தம் வருகிறது. மீசையை எடுங்கள் என்றால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார்.

மன்னார்குடி வாத்தியார்:

மீசையைத் தொடாதீர்கள் தம்பி, அவர் சொல்வதைச் செய்தே விடுவார். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற பில்லோ மாஸ்க் என்று இருக்கிறது, மீசைக்கு மேலேயே நின்றுவிடும். வாயைத் திறந்து தூங்குகிறவர் என்றால் அது சரிவராது, அதை அம்மாவிடம் கேட்டுவிட்டு டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாஸ்க்கை மாற்றித் தருவார்களா என்று நாளைக்கே கடையில் கேளுங்கள், ஒரு வாரம் தாண்டினால் தட்டிக் கழிப்பார்கள்.