ஏலத்தோட்ட ஜீப்ல 'டம்மி வைரஸ்' ஆப் போட்டா வேலைக்கு ஆகுமா?

மெட்டுக்காரன்:
காலேஜ் கடைசி வருஷம், ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஐடியா இருக்கு. எங்க கம்பத்துல இருந்து விடியக்காலைல ஜீப் ஜீப்பா ஆளுங்க மெட்டு ஏறி கேரளாவுல வண்டன்மேடு பக்கம் ஏலக்கா எடுக்க போறாங்க, சாயங்காலம் எறங்கிடுறாங்க. இவங்க போன்ல ஒரு ஆப் போட்டு நெஜ நோய் இல்லாம சும்மா டம்மி வைரஸ் ஒண்ண விட்டா, அது பார்டர் தாண்டி எப்படி பரவுதுன்னு பாக்கலாம்ல? யார் யார் பக்கத்துல இருந்தாங்கன்னு கண்டுபிடிக்க ஜிபிஎஸ்ஸா ப்ளூடூத்தா?

கோட்_கிறுக்கன்:
பாக்கலாம் தம்பி, ஏற்கனவே செஞ்சிருக்காங்க. கேம்பிரிட்ஜ்ல ஃப்ளூஃபோன்னு ப்ளூடூத் ஆப். 2017ல பிபிசிக்காக இங்கிலாந்துல ஹேசில்மியர்ங்கற சின்ன ஊர்ல 469 பேர் மூணு நாள் ஆப்போட சுத்துனாங்க, அது ஜிபிஎஸ். மலைல, அதுவும் ஜீப்புக்குள்ள யார் யார் ஒட்டி உக்காந்திருக்காங்கன்னு சொல்ற அளவுக்கு ஜிபிஎஸ் துல்லியமா இருக்காது, ப்ளூடூத்தே போ. ஆனா மனுச உடம்பு அந்த சிக்னல குடிச்சிரும், ஒட்டி உக்காந்திருக்கவங்க போன் கூட தூரத்துல இருக்க மாதிரி காட்டும், அதனால சிக்னல் அளவ மட்டும் நம்பாத, அந்த போன் எவ்ளோ நேரம் பக்கத்துல தெரிஞ்சுதுன்னும் பாரு. இதுல நல்ல விஷயம், ஒரே தடவ எடுத்த டேட்டாலயே வேகமா பரவுற நோய், மெதுவா பரவுற நோய்னு எத்தன வேணா கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கலாம்.

வண்டன்மேடு அக்கா:
நான் தோட்டத்துல கணக்கு எழுதுறவ, ஒண்ணு சொல்றேன் கேளுப்பா. காட்டுக்குள்ள யாரும் போன் கொண்டு போறதில்ல, சோத்துப் பையோட ஷெட்டுல குமிச்சு வச்சிருப்பாங்க. ஆளுங்க ஆளுக்கொரு மூலைல நிப்பாங்க, உன் ஆப்பு எல்லாரும் நாள் முழுக்க கட்டிப்புடிச்சுட்டு இருந்தாங்கன்னு சொல்லும் 😂 வயசானவங்ககிட்ட பட்டன் போன்தான், அத என்ன பண்ணுவ?

கோட்_கிறுக்கன்:
அக்கா சொன்னதுதான் மெயின் மேட்டரே. ஜீப்ல 16 பேர்னா 120 ஜோடி, அதுல 8 பேர்கிட்டதான் ஆப் இருக்குன்னா பதிவாகுறது வெறும் 28 ஜோடி. பாதிப்பேர் இருக்காங்களே போதும்னு நெனச்சா கால்வாசி கூட தேறாது, நோய் ரொம்ப மெதுவா பரவுற மாதிரி தப்பா காட்டும். போன விட்டுட்டு, பக்கத்துல வர மத்த டேக்க தானே பதிவு பண்ற சின்ன ப்ளூடூத் டேக் வாங்கி கழுத்துல மாட்டி விடு, சும்மா சிக்னல் மட்டும் அனுப்புற டேக் பத்தாது. எதுக்குன்னு தமிழ்ல புரியற மாதிரி சொல்லி சம்மதம் வாங்கு, பேர் எழுதாத நம்பர் மட்டும் போடு.

மெட்டுக்காரன்:
அப்ப ஜீப்பும் டீக்கடையும் மட்டும் எடுத்துக்கறேண்ணே, தோட்டத்த விட்டுடறேன். அக்கா, ஒரு ஜீப் டிரைவர்கிட்ட சொல்லி விட முடியுமா?

வண்டன்மேடு அக்கா:
சொல்றேன். ஆனா டேக் தொலஞ்சா எங்க ஆளுங்க சம்பளத்துல புடிக்கக் கூடாது, அத மொதல்ல எழுதிக் குடு.