ஈமாக்ஸ்: ஒரே விசையை மறுபடி அழுத்தினால் வேறு வேலை நடக்க வேண்டும்

வணக்கம் நண்பர்களே. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பால்மர (ரப்பர்) தோட்டத்தில் வேலை செய்த எங்கள் பெரியவர்களிடம் பெரட்டு (காலையில் ஆள் கூப்பிடுவது), தவறணை போன்ற தோட்டத்து விஷயங்கள், லயத்து (வரிசை வீட்டு) வாழ்க்கை என்று கேட்டுப் பதிவு செய்ததை ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பு மென்பொருளில் தட்டச்சு செய்து வருகிறேன். பேச்சில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும். வெட்டும் வேலைதான் அதிகம்.

கண்ட்ரோல்-எல் முதல் தடவை வரியைத் திரையின் நடுவிலும், அடுத்த தடவை மேலேயும், மூன்றாவது தடவை கீழேயும் கொண்டுபோகும், இல்லையா? அதுபோல கண்ட்ரோல்-கே முதல் அழுத்தலில் வாக்கியத்தையும், இரண்டாவதில் மீதி வரியையும், மூன்றாவதில் பத்தியையும் வெட்ட வேண்டும்.

இதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். அதில் லாஸ்ட்-கமாண்ட் (முந்தைய கட்டளையின் பெயரை வைத்திருக்கும் மாறி) என் ஃபங்ஷனின் பெயர்தானா என்று பார்த்து எண்ணிக்கையைக் கூட்டுகிறேன். இதே முறை கண்ட்ரோல்-ஏ விசைக்கு அருமையாக வேலை செய்கிறது. கண்ட்ரோல்-கே மட்டும் எத்தனை தடவை அழுத்தினாலும் முதல் படியிலேயே நிற்கிறது. மெசேஜ் போட்டுப் பார்த்தேன்: லாஸ்ட்-கமாண்டில் கில்-ரீஜன் என்று இருக்கிறது! வெட்டும் கட்டளைகள் உள்ளே திஸ்-கமாண்டை (இப்போதைய கட்டளையின் பெயர், அடுத்த அழுத்தலில் இதுவே லாஸ்ட்-கமாண்ட் ஆகும்) மாற்றிவிடுகின்றன போலும்.

சரி, கடைசியில் திஸ்-கமாண்டில் என் பெயரையே திரும்பப் போடலாம். ஆனால் அடுத்தடுத்து வெட்டியவை கில்-ரிங்கில் (வெட்டியவற்றை ஈமாக்ஸ் சேர்த்து வைக்கும் இடம்) ஒன்றாகச் சேர்வது அந்தக் கில்-ரீஜனை நம்பித்தானே? அது எனக்குக் கண்டிப்பாக வேண்டும். வெட்டிய பேச்சை அப்படியே இன்னொரு கோப்பில் ஒட்டி வைக்கிறேன், அவர்கள் சொன்ன ஒரு வரிகூடத் தொலையக் கூடாது.

இரண்டும் கிடைக்க என்ன வழி? ஈமாக்ஸ் 28ஆம் பதிப்பில் வந்த ரிப்பீட்-மோட் (ஒரு கட்டளையை ஒற்றை விசையால் திரும்ப நடத்தும் வசதி) இதற்கு உதவுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.