316எல் பிரிண்டட் இம்பெல்லர்: டெஸ்ட் ரிப்போர்ட்டில் இருக்கும் பலம் பிளேடு அடியிலும் இருக்குமா?

மண்டபம் பட்டறை

விசைப்படகு எஞ்சினின் கடல்நீர் பம்புக்கு இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) வேண்டும். விட்டம் 140 மி.மீ., பாதி திறந்த வகை, ஆறு பிளேடு, 1450 ஆர்பிஎம். பழையது கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்), பிளேடு நுனியெல்லாம் கரைந்துவிட்டது. பம்ப் கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டதால் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) கிடைக்கவில்லை. ஸ்கேன் எடுத்து டிராயிங் தயாராக இருக்கிறது.

கோவையில் லேசர் பவுடர் பெட் முறையில் (உலோகப் பவுடரை லேயர் லேயராக லேசரால் உருக்கும் 3டி பிரிண்ட்) 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். அனுப்பிய ரிப்போர்ட்டில் யீல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) 490 எம்பிஏ, இழுவிசை (அறுபடும் முன் தாங்கும் உச்சத் தகைவு) 630, நீட்சி 41 சதவீதம். சாதாரண 316எல் தகட்டுக்குக் குறைந்தபட்சமே 170, 485, 40 தான். அப்படியென்றால் பிரிண்ட் செய்தது தகட்டை விடவே பலமா? ஹீட் ட்ரீட்மென்ட் வேண்டாம், செய்தால் பலம் குறையும் என்றும் சொல்கிறார்கள். ஆர்டரில் என்னென்ன எழுதிக் கேட்க வேண்டும்? ஜூன் 14-ல் தடைக்காலம் முடியும்போது போட்டில் ஏறியிருக்க வேண்டும்.

பவுடர்பெட் கோவை

அண்ணே, ரிப்போர்ட் எண்கள் நம்பக்கூடியவைதான். லேசர் உருக்கிய உலோகம் மிக வேகமாக உறைவதால் உள்ளே ஒரு மைக்ரானுக்கும் குறைவான அறைகளாக அமைப்பு உருவாகும். யீல்டு ஏறுவது அதனால்தான். ஆனால் அந்த எண் சோதனைக் கம்பிக்கு உரியது, உங்கள் பிளேடுக்கு அல்ல. முதலில் கேட்க வேண்டியது: கம்பியைப் படுக்க வைத்துப் பிரிண்ட் அடித்தார்களா, நிற்க வைத்தா?

இம்பெல்லரை டிஸ்க் கீழே, பிளேடு மேலே என்று வைத்துத்தான் அடிப்பார்கள். அப்போது பிளேடு அடியில் லேயர்கள் கிடைமட்டமாக இருக்கும். தண்ணீர் பிளேடைத் தள்ளும்போது வளைவு இழுவிசை அந்த லேயர்களைப் பிரிக்கிற திசையிலேயே வரும். படுக்கை வைத்த கம்பியின் ரிசல்ட் இந்த இடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. நல்ல பிரிண்டில் இரண்டு திசைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உருகல் குறைந்திருந்தால் யீல்டு ஓரளவு தாக்குப்பிடிக்கும், நின்ற கம்பியின் நீட்சிதான் சட்டென்று விழும். அந்தக் குறையை வெட்டி மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் லேயருக்கு இணையாகத் தட்டையான, ஓரம் கூர்மையான ஓட்டை தெரியும். அதற்குள் உருகாத பவுடர் உருண்டைகள் அப்படியே உட்கார்ந்திருக்கும். லேசர் சக்தி அதிகமாகிப் போனால் வரும் ஓட்டையோ உருண்டையாக இருக்கும், அதன் ஆபத்து குறைவு.

அதனால் அதே பிரிண்ட் அடித்தட்டில், இம்பெல்லரோடு சேர்த்து, நிற்க வைத்து மூன்று, படுக்க வைத்து மூன்று கம்பி அடிக்கச் சொல்லுங்கள். 12 மி.மீ. தடிமனில் அடித்து, கடைந்து 6 மி.மீ. ஆக்கிச் சோதிக்கட்டும். கூடவே ஒரு சிறு உருளை வாங்கி, தண்ணீரில் எடை போட்டு அடர்த்தி பாருங்கள். 99.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் வாங்க வேண்டாம். பாராமீட்டரையும் எழுதி வாங்குங்கள். உதாரணமாக 200 வாட், நொடிக்கு 800 மி.மீ., கோட்டு இடைவெளி 0.1, லேயர் 0.03 என்றால் கன மில்லிமீட்டருக்குச் சுமார் 83 ஜூல் வரும். அதே வாட்டில் நேரத்தை மிச்சம் பிடிக்க லேயரை மட்டும் 0.06 ஆக்கினால் பாதிதான் கிடைக்கும். உருகல் குறைவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொன்று, சோதனைக் கம்பியைக் கடைந்துவிடுவதால் அதன் கரடுமுரடான தோல் போய்விடும். உங்கள் பிளேடில் அந்தத் தோல் அப்படியே இருக்கும், ஃபட்டீக் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் ஏற்படும்) விரிசல் அங்கேதான் தொடங்கும். 1450 ஆர்பிஎம்-மில் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 7 லட்சம் சுற்று. கடலில் பதினைந்து நாள் ஓடினாலே ஒரு கோடியைத் தாண்டும். பிளேடு அடி டிஸ்க்கோடு சேரும் மூலையில் 2 முதல் 3 மி.மீ. ஆர வளைவு கொடுங்கள். லேசான மெருகோடு நிறுத்த வேண்டாம். தோலுக்குக் கீழே 0.1, 0.2 மி.மீ. ஆழத்தில் ஓட்டைகள் வரிசையாக இருக்கும், மேலோட்டமாகத் தேய்த்தால் அவை வாய் திறந்துகொள்ளும். 0.5 மி.மீ. அலவன்ஸ் வைத்து முழுவதும் எடுத்துவிடுங்கள்.

சிக்ரி பக்கம்

பலத்தைப் பற்றிய கவலையை ஒரு கணக்குப் போட்டு ஒதுக்கிவிடலாம். 140 மி.மீ., 1450 ஆர்பிஎம் என்றால் நுனி வேகம் நொடிக்கு 10.6 மீட்டர். சுழற்சியால் டிஸ்க்கில் வரும் தகைவு 1 எம்பிஏ-வைக்கூடத் தொடாது. பிளேடு மேல் தண்ணீர் அழுத்தமும் குறைவுதான். 490 எம்பிஏ யீல்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? வலைத் துண்டோ சிப்பியோ உள்ளே போய் அடித்தால் தாங்க நீட்சி வேண்டும், உப்புத் தண்ணீரில் நிற்க அரிப்புத் தடுப்பு வேண்டும். இரண்டுக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் நல்லது.

பிரிண்ட் அடித்தட்டிலிருந்து வெட்டும் முன்பே 1050 முதல் 1100 டிகிரியில் வேக்குவம் ஃபர்னஸில் ஆனீல் செய்து (சூடாக்கி வைத்து), வேகமாகக் குளிர்விக்கச் சொல்லுங்கள். யீல்டு 300 பக்கம் இறங்கும், இறங்கட்டும். உள் தகைவு போய்விடும், வயரில் வெட்டி எடுக்கும்போது டிஸ்க் கோணாது. 550 முதல் 850 டிகிரிக்குள் நெடுநேரம் வைத்து ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்வது கடல்நீர் பாகத்துக்கு வேண்டாத வேலை. ஃபர்னஸுக்குப் போகும் முன் ஒட்டியிருக்கும் பவுடரை முழுக்க ஊதி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் வெந்து கெட்டியாகிவிடும், பிறகு உளிதான். ஹிப் (அதிக வெப்பத்தில் வாயு அழுத்தத்தால் எல்லாப் பக்கமும் நெருக்குவது) செய்ய வசதி இருந்தால் 1120 டிகிரிக்கு மேல், 100 எம்பிஏ ஆர்கானில், நான்கு மணி நேரம். உள் ஓட்டைகள் மூடும். மேற்பரப்போடு தொடர்புள்ள ஓட்டை மூடாது, அதற்குள் ஆர்கான் நுழைந்துவிடுவதால்.

இனி முக்கியமானது. 316எல் ஓடுகிற கடல்நீரில் பரவாயில்லை, நிற்கிற கடல்நீரில் ஏமாற்றும். தடைக்காலம் 61 நாள், அதுவும் சித்திரை, வைகாசி வெயில். போட்டு கட்டிக் கிடக்க, பம்புக்குள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் தேங்கும். ஹப்புக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே, கீவேக்குள் (சாவி உட்காரும் பள்ளம்), வாய் திறந்த பிரிண்ட் ஓட்டைக்குள் இடுக்கு அரிப்பு பிடிக்கும். மண்டபத்தில் அரிப்புச் சோதனை நிலையம் வைத்தது சும்மா இல்லை. போட்டைக் கட்டும்போது நல்ல தண்ணீர் ஓட்டி, வடிகால் பிளக்கைக் கழற்றி, காய விடுங்கள். கடைசல் முடிந்தபின் ஆசிட் பிக்லிங் (அமிலத்தில் மேற்பரப்பைச் சுத்தம் செய்வது), பாசிவேஷன் (காப்புப் படலம் உருவாக்குவது) இரண்டும் கட்டாயம்.

பழைய ஈஎன்8 (சாதாரண கார்பன் ஸ்டீல்) ஷாஃப்ட்டிலேயே ஏற்றிவிடாதீர்கள். 316 இம்பெல்லர் பக்கத்தில் அது சீக்கிரம் தின்னப்படும்.

கீழக்கரை மரைன்

காக்கா, ஒன்று மட்டும் வேண்டுமென்றால் பிரிண்ட் சரி. பத்துப் போட்டுக்கு வேண்டுமென்றால் பேட்டர்னை மட்டும் பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்து, அலுமினியம் பிரான்ஸ் ஏபி2-வில் ஊற்றுங்கள். இழுவிசை 640, நீட்சி 13 சதவீதம் குறைந்தபட்சம் கிடைக்கும், மணல் தேய்மானத்துக்கும் கன்மெட்டலை விட நன்றாக நிற்கும். சுருக்கத்துக்கு 2 சதவீதம் அளவில் பேட்டர்னைப் பெரிதாக்க ஃபவுண்ட்ரியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிக்கல் அலுமினியம் பிரான்ஸை நேரடியாகவே பிரிண்ட் செய்யலாம். 2017-ல் ராட்டர்டாமில் வயர் ஆர்க் முறையில் 298 லேயரில் 1350 மி.மீ. ப்ரொப்பல்லர் செய்து கப்பலில் ஓட்டினார்கள். ஆனால் அந்த முறையில் லேயர் மில்லிமீட்டர் கணக்கு, உங்கள் பிளேடு தடிமனுக்குச் சரிப்படாது.

மண்டபம் பட்டறை

நன்றி. அரிப்புக்காக டூப்ளெக்ஸ் 2205 (ஃபெரைட், ஆஸ்டனைட் என்ற இரண்டு படிக அமைப்பும் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பவுடரில் பிரிண்ட் அடித்தால் என்ன? அது இருக்கிறது என்கிறார்கள்.

சிக்ரி பக்கம்

அரிப்புக்கு நல்ல தேர்வு. ஆனால் பிரிண்ட் ஆனதும் வேக உறைதலால் ஏறக்குறைய முழுக்க ஃபெரைட்டாகத்தான் இருக்கும், அடி விழுந்தால் உடையும். 1050 முதல் 1100 டிகிரி ஆனீல், உடனே தண்ணீரில் குளிர்விப்பு. அதன்பிறகே பாதிக்குப் பாதி ஆஸ்டனைட் வரும். ஆனீல் செய்த துண்டின் ஃபெரைட் அளவை 40 முதல் 60 சதவீதத்துக்குள் காட்டச் சொல்லி ஆர்டரில் எழுதுங்கள். மெதுவாகக் குளிர்வித்தால் சிக்மா என்ற நொறுங்கும் படிக அமைப்பு வந்து கெடுக்கும், எனவே ஃபர்னஸ்காரரிடம் குளிர்விப்பு முறையை முன்கூட்டியே கேளுங்கள்.